வண்டியை நம்ப வைத்த மூவர்

கோணக்காட்டுப்பாளையத்தில் கார் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது 'மூவர் கார் அலங்கார மாளிகை'க்குப் போயிருப்பார்கள். இரண்டாவது முறை போனவர்களை நான் பார்த்ததில்லை. அதற்காக அந்த மூவரையும் ஏமாற்றுக்காரர்கள் என்றோ சோம்பேறிகள் என்றோ யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடப்பதில் அவர்களை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மூவரில் மூத்தவர் பொங்கியண்ணன். யோசிப்பது அவர் பொறுப்பு. அடுத்தவன் நாச்சிமுத்து, நல்ல உயரம். எதில் எது எழுதியிருந்தாலும் சத்தமாகப் படிப்பது அவன் வேலை. கடைசி ஆள் சென்னியப்பன், உயரத்திலும் கடைசி. மற்ற இருவரும் யோசித்துப் படித்து முடித்ததைக் கையால் செய்து காட்டுவது அவன்.

ஒரு தடவை மெருகு டப்பாவின் மேல் 'பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று போட்டிருந்ததை நாச்சிமுத்து படித்தான். மெருகு போட்டு முடித்த காரை மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகு கார்க்காரரிடம், "தெனமும் எடுக்கறதுக்கு முன்னால இப்பிடி ஒருக்கா குலுக்கிக்கோணுமுங்க. ஆளு பத்தலைன்னா கூப்பிடுங்க, வந்தர்றோம்" என்றார்கள். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அச்சில் வந்ததை மதிப்பவர். கொஞ்ச நாள் குலுக்கவும் செய்தார்.

கண்ணாடி துடைக்கும் திரவப் புட்டியில் 'குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்கவும்' என்று இருந்தது. தெருவில் எந்தக் குழந்தை வந்தாலும் சென்னியப்பன் அந்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவான். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவனால் தெருவுக்கே வர முடியாது. புட்டியோடு கடையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

இந்தக் கடை இருந்த கட்டடம் நூல் மில் முதலாளி தெய்வசிகாமணிக்குச் சொந்தம். ஒரு நாள் அவரே தன் புது வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்.

"ஏனப்பா, பொத்தானை அமுக்குனா கார் தானா ஸ்டார்ட் ஆகறதுக்கு ஒரு சாமான் இருக்குதாமா?"

"இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன். அப்படி ஒன்று இருப்பது அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

விஷயம் இதுதான். தெய்வசிகாமணியின் மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரத்தினவேலு போனில் பேசும்போது, தங்கள் ஊரில் பனி கொட்டும் என்றும், வீட்டுக்குள் காப்பி குடித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினால் வெளியே கார் தானாகக் கிளம்பி உள்ளே வெதுவெதுவென்று சூடாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். தெய்வசிகாமணி யாருக்கும் ஒரு படி இறங்கிப் பேசிப் பழக்கமில்லாதவர். இங்கேயும் அதேதான், நாங்கள் குளுகுளுவென்று ஆக்கி வைத்துக்கொள்வோம் என்று அடித்து விட்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை சம்பந்தி ஊட்டுக்கு வர்றாரு. நான் வாசப்படியில நின்னு பொத்தானை அமுக்கோணும், வண்டி ஸ்டார்ட் ஆகோணும். ஆகலைன்னா என்ற மானம் போச்சு. என்ற மானம் போச்சுன்னா உங்க கடை போச்சு. திங்கக்கெழமை காலையில பூட்டோட வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காரையும் சாவிகளையும் விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கடை போனால் மூவருக்கும் போக்கிடம் இல்லை. வேறெங்கும் மூவரையும் ஒன்றாக வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். தனித்தனியாகப் போனாலோ, ஒருவர் யோசித்ததை இன்னொருவன் படிக்காமல் மூன்றாமவனுக்குக் கை ஓடாது. சென்னியப்பன் அன்று மதியச் சோற்றைத் தொடவில்லை. கேள்விப்பட்டபோது எனக்கே பாவமாக இருந்தது.

கோயமுத்தூர் மொத்தக் கடை ரஷீத் பாயிடமிருந்து ரிமோட் ஸ்டார்ட்டர் வந்து சேர்ந்தது. மாட்டும் முறையை எழுத்து இல்லாமல் வெறும் படமாகப் போட்டிருந்ததால் அதைச் சரியாகவே மாட்டிவிட்டார்கள். பொத்தானை அமுக்கினார்கள். வண்டி உறுமியது, ஒரு கணம் ஓடியது, அணைந்துவிட்டது. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

பொங்கியண்ணன் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது இம்மொபிலைசர்ப்பா" என்றார் பாய். "சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு. அது கிட்ட இல்லேன்னா வண்டி உங்களைத் திருடன்னு நெனச்சு ஆஃப் ஆயிடும்."

"நாங்க திருடங்க இல்லீங்களே பாய்."

"எனக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியாதில்ல? அதுக்குத்தான் பைபாஸ் மாட்யூல்னு ஒண்ணு தனியா மாட்டணும். சாவியும் ஆளும் உள்ள இருக்கறதா அது வண்டியை நம்ப வைக்கும்."

"அதுல ஒண்ணு அனுப்பி வெய்யுங்க."

"சும்மா ஒண்ணுன்னு அனுப்ப முடியாது. பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். ஒரு வண்டிக்கு ஆகறது இன்னொரு வண்டிக்கு ஆகாது. வண்டிக்கும் பொருந்தணும், வருஷமும் பொருந்தணும். சில மாட்யூலுக்குச் சாவியே வேணாம். உங்க வண்டிக்கு, ஒரு சாவியை உள்ளயே வெச்சிருக்கற மாட்யூல்தான் சரி. டேஷ்போர்டுக்கு அடியில வெளிய தெரியாம அடங்கியிருக்கணும். பொத்தானை அமுக்கினா முழிச்சுக்கிட்டு, சாவியைத் துவாரத்துக்குக் கிட்ட காட்டிக் குடுக்கும். மத்த நேரம் சத்தமில்லாம சும்மா கிடக்கும். இப்ப ஸ்டாக் இல்ல. திங்கக்கிழமை பார்சல்ல வரும்."

பார்சல் வரும் அன்றைக்குத்தான் பூட்டும் வருகிறது. மூவரும் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கடைசியில விசயம் இவ்வளவுதான்" என்றார் பொங்கியண்ணன். "வண்டிக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லை."

"மொதலாளி உள்ள இருக்கறாருன்னு நம்ப வெச்சுட்டா போதுமுங்களா அண்ணா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

முதலாளி வீட்டுக்குப் போய் அவர் சட்டை ஒன்றை வாங்கி வந்து ஓட்டுநர் இருக்கையில் போர்த்தினார்கள். பொத்தானை அமுக்கினார்கள். வண்டி உறுமி அணைந்தது. சட்டை துவைத்தது, வாசம் போயிருக்கும் என்றான் நாச்சிமுத்து. துவைக்காத சட்டைக்காக மறுபடி போன சென்னியப்பனை வீட்டுக் காவலாளி உள்ளே விடவில்லை.

அடுத்து மில் காலண்டரில் இருந்த முதலாளி படத்தைக் கத்தரித்து இருக்கையில் நிறுத்தினார்கள். சென்னியப்பன் மரியாதைக்கு ஒரு மாலை வாங்கி வந்தான். மாலை போட்டால் வண்டி வேறு மாதிரி நினைத்துக்கொள்ளும் என்று நாச்சிமுத்து தடுத்துவிட்டான். அதற்கும் வண்டி மசியவில்லை.

"வண்டிக்குக் கண்ணு முன்னால இருக்கற லைட்டு" என்றார் பொங்கியண்ணன் நெடுநேரம் யோசித்து. "உள்ள வெச்சா அதுக்கு எப்பிடித் தெரியும்?"

படத்தை லைட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். வண்டி உறுமி அணைந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்துருச்சு அண்ணா" என்றான் நாச்சிமுத்து. "மொதலாளி வெளிய நிக்கறாரு, உள்ள இருக்கறது வேற எவனோன்னு நெனச்சுத்தான் ஆஃப் ஆயிருச்சு."

அவர்கள் அறிவுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது. டீ வாங்கப் புறப்பட்ட சென்னியப்பன், கையில் இருந்த உபரிச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரப்பர் பேண்டு போட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே, சாவித் துவாரத்தை ஒட்டிக் கட்டிவிட்டுப் போனான். நாச்சிமுத்து கவனிக்காமல் ரிமோட்டின் மேல் உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது. அணையவில்லை. பூப் போல ஓடிக்கொண்டே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கடையைச் சாத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாச்சிமுத்துவோ கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சீட்டைப் படிக்க ஆரம்பித்தான். 'சாவியை வண்டியில் விட்டுவிட்டு ஆள் இறங்கிச் செல்லக் கூடாது.'

பொங்கியண்ணன் பதறிப்போய் வண்டியை அணைத்துச் சாவியை அவிழ்த்தார்.

"நல்ல வேளை படிச்ச" என்றார். "சாவி உள்ள இருக்கோணுங்கறாரு பாய். சாவி இருந்தா ஆளும் உள்ளயே இருக்கோணுங்குது வண்டிக் கம்பெனி. ரெண்டு பேரு சொல்றதையும் நாம கேக்கோணும்."

"அப்ப சாவியோட ஆளையும் சேத்து வெச்சர்றதுங்களா?"

"பாய் என்ன சொன்னாரு? டேஷ்போர்டுக்கு அடியில அடங்கியிருக்கோணும், பொத்தானை அமுக்குனா முழிச்சுக்கோணும், சாவியைக் கிட்ட காட்டோணும், மத்த நேரம் கம்முனு கெடக்கோணும்னாரு. இதையெல்லாம் ஆளு இல்லாம எது செய்யும்?"

"அப்ப மாட்யூலுங்கறது ஆளுங்களா அண்ணா?"

"பின்ன? அதனாலதான பாத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்றாரு."

தேர்வு அங்கேயே தொடங்கியது. முதலில் நாச்சிமுத்து டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். முழங்கால் வரை உள்ளே போனது, மீதி கதவுக்கு வெளியே கிடந்தது. "இது லாரிக்கான மாட்யூல்" என்று பொங்கியண்ணன் ஒதுக்கிவிட்டார். அடுத்து அவரே படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். குறட்டை தெருமுனை வரை கேட்டது. சத்தம் வருகிற மாட்யூல் ஆகாது என்று அவரை எழுப்பிச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவர் பாரபட்சம் பார்க்காதவர்.

சென்னியப்பன் படுத்தான். அளவெடுத்துத் தைத்தது போல அடங்கினான்.

"வண்டிக்குப் பொருந்துது" என்றார் பொங்கியண்ணன். "வருசம் பொருந்தோணுமே. வண்டி ரெண்டாயிரத்துப் பத்தொம்பது. சென்னியப்பா, நீ எந்த வருசம்?"

"பொறந்தது எம்பதுலீங்க."

சென்னியப்பனின் கண்கள் கலங்கிவிட்டன. ஒரு வருஷக் கணக்கில் கடை கைவிட்டுப் போகிறதே என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது பொங்கியண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"உனக்குக் கல்யாணம் ஆனது?"

"பத்தொம்பதுலீங்க அண்ணா. பொண்ணு கெடைக்கத் தாமசமாயிருச்சு."

"போதும். அதுக்கப்பறம் நீ புது ஆளுதான்" என்று பொங்கியண்ணன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ரிமோட்டோடு வந்த தாளில் எழுத்து இருந்த ஒரே வரியை நாச்சிமுத்து படித்தான். 'மாட்யூல் தயாரானதும் மூன்று முறை சிமிட்டும்.' சென்னியப்பன் மூன்று முறை கண்ணைச் சிமிட்டினான். உபரிச் சாவியை ஒரு நீளமான சாம்பார்க் கரண்டியின் நுனியில் கட்டி அவன் கையில் கொடுத்து, மேலே கறுப்பு மிதியடியைப் போர்த்திவிட்டார்கள். வண்டிக்குள் மாட்டிய ரிமோட் பெட்டியின் விளக்கு எரிந்தால் கரண்டியை நீட்ட வேண்டும், வண்டி கிளம்பியதும் இழுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை அமுக்கிப் பார்த்தாலும் வண்டி சளைக்காமல் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் தெய்வசிகாமணியின் வீட்டு வாசலில் நின்றது. மாட்யூலைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பது பாயின் உத்தரவாயிற்றே. ரத்தினவேலு குடும்பத்தோடு வந்து இறங்கினார். தெய்வசிகாமணி வாசற்படியில் நின்று, ரிமோட்டை விபூதிப் பொட்டலம் போல இரண்டு விரலால் எடுத்து, பொத்தானை அமுக்கினார்.

வண்டி கிளம்பியது. உள்ளே குளுகுளுவென்று காற்று ஓடத் தொடங்கியது. வேலிக்கு வெளியே மொபெட்டில் காத்திருந்த பொங்கியண்ணனும் நாச்சிமுத்துவும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராக வாங்கி அமுக்கினார்கள். சலிக்காமல் கிளம்பியது. தெய்வசிகாமணி அன்றைக்கு இருந்த இருப்பில் அவர் மீசை ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"அப்பிடியே கோயிலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்து தட்டு மாத்திக்கலாமுங்க சம்பந்தி" என்றார் ரத்தினவேலு. இருவரும் காரில் ஏறினார்கள். பின்னாலேயே மொபெட்டும் போனது. ரத்தினவேலு முன் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.

"கால் வெக்கற எடம் மெத்துமெத்துன்னு இருக்குதுங்களே."

"இப்பெல்லாம் இப்பிடித்தானுங்க போடறாங்க" என்றார் தெய்வசிகாமணி. தெரியாது என்று அவர் வாயிலிருந்து எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கோயில் வாசலில் வண்டியை அணைத்துவிட்டுத் தெய்வசிகாமணி பூ வாங்க இறங்கினார். ரத்தினவேலு ஆசைக்கு உள்ளே உட்கார்ந்தபடியே ரிமோட்டை அமுக்கினார். அவர் காலுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பார்க் கரண்டி எழுந்தது. சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. வண்டி கிளம்பியதும் கீழே இறங்கி மறைந்துவிட்டது.

ரத்தினவேலு வண்டியை அணைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அமுக்கினார். கரண்டி மறுபடியும் எழுந்தது. அவர் குனிந்து மிதியடியைத் தூக்கினார். அடியில் கிடந்த சென்னியப்பன் அவரைப் பார்த்து மூன்று முறை கண்ணைச் சிமிட்டினான்.

பூவோடு திரும்பிய தெய்வசிகாமணி அதைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. மொபெட்டில் இருந்த இருவருக்கும் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தமே காதில் கேட்டது.

"சம்பந்தி, இது என்னுங்க?" என்றார் ரத்தினவேலு.

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். பதில் கீழேயிருந்து வந்தது.

"மாட்யூலுங்க."

ரத்தினவேலு மிதியடியை மெல்ல அவன்மேல் பழையபடி போர்த்திவிட்டார்.

"கனடாவுல எனக்கு வெறும் பொட்டிதானுங்க சம்பந்தி மாட்டிக் குடுத்தாங்க. ஆளெல்லாம் வெக்கலீங்க."

தெய்வசிகாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அங்க கூலி கட்டுபடியாகாதுங்களே" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அன்று மத்தியானமே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் தெய்வசிகாமணி அதே காரை டிரைவரிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். மாட்யூல் படுக்க ஒரு தலையணை வைத்துத் தரச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே மில்லிலிருந்து நடந்து வந்தார். கையில் பூட்டு இல்லை. இன்னொரு காருக்கும் சென்னியப்பனைப் போலவே ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மூவரும் தலையில் துண்டு போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாழையிலையில், தெற்கே பார்த்து, ஒயர் முளைத்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் விளக்கு ஏற்றியிருந்தது.

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"யாரப்பா?"

"மாட்யூலுங்க" என்றார் பொங்கியண்ணன். "காலையில பார்சல்ல வந்தாருங்க. கோயமுத்தூரு."

"இவ்வளவு சின்னப் பொட்டிக்குள்ளயா?"

"அதைத்தானுங்க நாங்களும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனோம்" என்று விம்மினான் சென்னியப்பன். "தட்டிப் பாத்தேன், எந்தூருப்பான்னு கேட்டேன். கம்முனு கெடந்தாருங்க. நல்லா தொழில் பழகுனவரு. மூச்சு முட்டுமேன்னு டிரில் போட்டு ஒரு ஓட்டை வெச்சேன். பசிக்குமேன்னு அது வழியா டீ ஊத்துனேன். வண்டியில மாட்டுன ஒடனே சொய்ங்குன்னு ஒரு சத்தமுங்க. ஒரு கீத்துப் பொகை. அவ்வளவுதான், போயிட்டாருங்க."

"என்ன வயசிருக்கும்?"

நாச்சிமுத்து பார்சல் அட்டையைத் திருப்பித் தயாரித்த மாதத்தைப் படித்தான். "போன தையில பொறந்துருக்காருங்க."

"அடப்பாவமே, பச்சைக் கொழந்தை" என்று தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெத்தவங்களுக்குச் சொல்லியாச்சா?"

பொங்கியண்ணன் பாய்க்குப் போன் போட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். பாய், "ஓட்டை போட்டதையெல்லாம் நாங்க திருப்பி வாங்கறதில்லப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"பெத்த எடத்துலயே வேண்டாங்கறாங்க" என்று தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடுங்க. அனாதையா விட முடியாது. என்ற வண்டியிலயே கொண்டுபோய் நாம எடுத்துப் போடலாம்."

பெட்டியைத் துணியில் சுற்றி முன் இருக்கையில் வைத்தார்கள். தெய்வசிகாமணி பொத்தானை அமுக்கினார். வண்டி உறுமி அணைந்தது. எல்லோரும் திரும்பி, கையில் நெருப்புச் சட்டியோடு நின்ற சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவன் சட்டியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தான். மூக்கைச் சிந்திக்கொண்டு, கரண்டியை எடுத்து, மிதியடிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

தெய்வசிகாமணி பெட்டியின் துணியைச் சரிசெய்தார். அப்போது முன் இருக்கைப் பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"அமுக்கலாமுங்க."

தெய்வசிகாமணியின் கையிலிருந்த ரிமோட் நழுவி விழுந்தது. அவர் துணியில் சுற்றியிருந்த பெட்டியையே பார்த்தார்.

"எறக்குங்கப்பா" என்றார். "இன்னும் உசுரு இருக்குது. பேசுது."

நாச்சிமுத்து நெருப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு டீ வாங்க ஓடினான். பொங்கியண்ணன் பெட்டியின் ஓட்டையில் காதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கும் கேட்டுதுங்க" என்றான் மிதியடிக்கு அடியிலிருந்து சென்னியப்பன்.